"குழந்தைகளை ஒன்றும் செய்யாது"

2020-ஆம் ஆண்டு பங்குனி, சித்திரை மாதங்களில் நம் வீடுகளிலெல்லாம் ஒரு மந்திரம் ஜபிக்கப்பட்டு வந்தது. "குழந்தைகளை ஒன்றும் செய்யாது" என்பதே அந்த மந்திரம். கொரோனா என்னும் புது ஜுரம் கடல் கடந்து வந்து தெருக்கோடியில் நின்றுகொண்டிருந்தது. தாத்தாவுக்கு ஆபத்து, சர்க்கரை வியாதிக்காரருக்கு ஆபத்து, இரத்தக் கொதிப்பு உள்ளவருக்கு ஆபத்து என்று தினமும் ஒரு ஜாபிதா வந்தது. அந்த ஜாபிதாவில் குழந்தையின் பெயர் இல்லை என்பதில் பெற்றோருக்கு ஒரு பெரிய ஆறுதல். மாடி வீட்டு அம்மாள் கீழ் வீட்டு அம்மாளிடம் சொன்னாள். அந்த அம்மாள் பால்காரரிடம் சொன்னாள். பால்காரர் ஊருக்கே சொன்னார். எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

அந்த நிம்மதியின் பேரில் எனக்கு ஒரு வழக்கு உண்டு. அதைப் பேசித் தீர்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

மந்திரம் முழுப் பொய் என்று நான் சொல்லவில்லை. முழுப் பொய்யாக இருந்திருந்தால் ஒரே மாதத்தில் செத்துப் போயிருக்கும். டாக்டர்கள் சொன்ன வாக்கியம் வேறு. "பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த நோய் லேசாகவே வந்து போகிறது" என்று அவர்கள் சொன்னார்கள். அது உண்மை. இன்றைக்கும் உண்மை. ஆனால் வாய்க்கு வாய் மாறியபோது அந்த வாக்கியத்திலிருந்து "பெரும்பாலான" என்ற சொல் முதலில் உதிர்ந்தது. பிறகு "லேசாக" என்ற சொல் உதிர்ந்தது. கடைசியில் "ஒன்றும் செய்யாது" என்ற மொட்டை வாக்கியம் மிஞ்சியது. சொற்களை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவன் நான். ஒரு சொல் உதிர்ந்தால் அதன் நிழலில் நின்ற மனிதர்களும் சேர்ந்து உதிர்ந்துவிடுவார்கள் என்பதை நன்றாக அறிவேன். "பெரும்பாலான" என்ற சொல்லின் நிழலில் மீதிக் குழந்தைகள் நின்றுகொண்டிருந்தார்கள். சொல் போயிற்று, அவர்களும் நம் கண்ணிலிருந்து போனார்கள்.

அந்த மீதிக் குழந்தைகள் எத்தனை பேர்? இங்கேதான் கணக்குப் பேசுகிற கனவான்கள் வந்து நம்மைச் சமாதானம் செய்கிறார்கள். "சதவிகிதத்தைப் பாருங்கள், ஐயா! ஒன்றுமேயில்லை!" என்கிறார்கள். சரி, பார்ப்போம். 2021-ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் இரத்தச் சோதனை நடத்தியது. ஆறு முதல் ஒன்பது வயது வரையுள்ள குழந்தைகளில் 57.2 சதவிகிதத்தினருக்கும், பத்து முதல் பதினேழு வயது வரையுள்ளவர்களில் 61.6 சதவிகிதத்தினருக்கும் நோய் வந்து போன அடையாளம் இரத்தத்தில் இருந்தது. அப்போது அவர்களில் எவருக்கும் தடுப்பூசி போட ஆரம்பிக்கவில்லை. ஆக, பள்ளிக்கூடம் பூட்டியிருந்தும், வாசற்கதவு சாத்தியிருந்தும், பத்தில் ஆறு குழந்தையை அந்தக் கிருமி தொட்டுவிட்டது.

பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் நம் தேசத்தில் நாற்பது கோடிக்கு மேல். அவர்களில் இருபது கோடிப் பேரை நோய் தொட்டதாகக் குறைத்தே வைத்துக்கொள்வோம். ஆயிரத்தில் ஒரே ஒரு குழந்தைக்குத்தான் ஆஸ்பத்திரிக் கட்டில் தேவைப்பட்டது என்று வாதத்துக்காக வைத்துக்கொள்வோம். இது யாரும் எண்ணிச் சொன்ன தொகை அல்ல. "ஆயிரத்தில் ஒன்று" என்பதன் கனத்தைத் தூக்கிப் பார்ப்பதற்காக நான் போடுகிற பெருக்கல். விடை என்ன? இரண்டு லட்சம் குழந்தைகள்! ஒரு பெரிய நகரத்துக் குழந்தைகளையெல்லாம் திரட்டி வரிசையாகக் கட்டிலில் கிடத்தியது போன்ற காட்சி. "ஒன்றுமேயில்லை" என்று கனவான்கள் சொன்னது இதைத்தான்.

அவர்களுடைய கணக்கில் இன்னொரு கோளாறும் உண்டு. குழந்தையை எப்போதும் கிழவரோடு நிறுத்தி ஒப்பிடுகிறார்கள். எண்பது வயதுக்காரர் சாவதற்கு இருக்கிற வாய்ப்பில் எட்டு வயதுச் சிறுமிக்கு நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்கிறார்கள். இருக்கட்டுமே! எட்டு வயதுச் சிறுமி சாகவே கூடாதவள் அல்லவா? குழந்தைகளின் சாவைக் குழந்தைகளின் சாவோடுதான் ஒப்பிட வேண்டும். அமெரிக்காவில் அப்படி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2021 ஆகஸ்டிலிருந்து 2022 ஜூலை வரையிலான பன்னிரண்டு மாதங்களில், பத்தொன்பது வயது வரையுள்ளவர்களில் 821 பேர் அங்கே கொரோனாவால் மாண்டார்கள். அந்த வயதினரைக் கொல்லும் காரணங்களின் வரிசையில் எட்டாவது இடம். தொற்று நோய்களையும் சுவாச நோய்களையும் மாத்திரம் எடுத்துக்கொண்டால் முதல் இடம்! பத்து லட்சம் பேர் மாண்ட தேசத்தில் 821 ஒரு தூசு என்று நினைக்கலாம். அந்த வயதின் ஏட்டில் எழுதிப் பார்த்தால்தான் அது எவ்வளவு பெரிய எண் என்று தெரியும்.

இனி, மந்திரம் செய்த நேரடியான தீமைக்கு வருகிறேன். 2020 ஏப்ரல் மாத நடுவில், லண்டனில் எவலினா குழந்தைகள் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டாக்டர்கள் பத்து நாட்களுக்குள் எட்டுக் குழந்தைகளைக் கண்டு திடுக்கிட்டார்கள். விடாத ஜுரம், சிவந்த கண், உடம்பில் தடிப்பு, வயிற்று வலி, வாந்தி. பிறகு இரத்த அழுத்தம் சரிந்து இதயம் தளர்ந்துவிடுகிறது. மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தால் பலருக்குக் கிருமி இல்லை என்றே வந்தது. அந்த எட்டுப் பேரில் ஒருவர் பிழைக்கவில்லை. நோய் வந்து போன இரண்டு முதல் ஆறு வாரத்துக்குப் பிறகு, கிருமியை விரட்ட எழுந்த உடம்பின் சொந்தச் சேனையே திரும்பி உடம்பைத் தாக்குகிற கோளாறு அது என்று பிற்பாடு தெரிந்தது. 'எம்.ஐ.எஸ்.-சி.' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஜப்பானிய டாக்டர் டோமிசாகு கவாசாகி 1967-ல் விவரித்து எழுதிய குழந்தை நோய்க்கு அது தூரத்து உறவு மாதிரி இருந்தது. அந்தப் பெரியவர், தம் பெயர் கொண்ட நோயின் சாயல் உலகத்துக் குழந்தைகள் வார்டுகளிலெல்லாம் தென்பட்டுக்கொண்டிருந்த 2020 ஜூன் மாதத்தில், தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமானார்.

"லண்டன் கதை நமக்கெதற்கு?" என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த ஆண்டு மே மாதத்துக்கும் ஜூலை முதல் வாரத்துக்கும் இடையே, நம் சென்னையில் நான்கே ஆஸ்பத்திரிகளில் பத்தொன்பது குழந்தைகள் இதே கோளாறோடு சேர்ந்தார்கள். நம் டாக்டர்களே எழுதி அச்சாகியிருக்கிறது. அமெரிக்காவில் மூன்று ஆண்டுகளில் ஒன்பதாயிரத்துக்கும் மேல்.

இப்போது அந்தத் தாயாரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஜுரம் வந்து போய் ஒரு மாதம் ஆகிறது. பையனுக்கு இரண்டு நாள் இருமல் இருந்தது, அவ்வளவுதான். இன்று அவனுக்கு வயிற்று வலி, வாந்தி, ஜுரம். "என்னத்தைத் தின்றானோ" என்று ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுப்பாள். அவள் மேல் குற்றம் உண்டா? "குழந்தைகளை ஒன்றும் செய்யாது" என்று ஊரே அவள் காதில் ஓதியிருக்கிறதே! காலத்தில் கண்டுபிடித்துவிட்டால் இந்தக் கோளாறுக்கு மருந்து உண்டு. ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் கொடுத்துப் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிடுகிறார்கள். இதயத்தைத் தாக்குகிற கோளாறில் இரண்டு நாள் தாமதம் என்பது சின்ன விஷயம் அல்ல. அந்த இரண்டு நாளை அவளிடமிருந்து திருடியது அந்த மந்திரம்.

இத்தனைக்கும் பிறகு, ஆஸ்பத்திரிக்குப் போன குழந்தையைப் பற்றிப் பேச்செடுத்தால், உடனே ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்தக் குழந்தைக்கு ஏற்கனவே ஏதோ வியாதியாம்" என்கிறார். அந்த 'ஆம்' இருக்கிறதே, அதைப் போல் ஈவிரக்கமில்லாத விகுதி தமிழில் வேறில்லை. ஏற்கனவே வியாதி என்றால் கணக்கிலிருந்து தள்ளிவிடலாம். நம் குழந்தைக்கு வியாதி இல்லை, ஆகவே நாம் தூங்கப் போகலாம்! நான் கேட்கிறேன்: இழுப்பு உள்ள குழந்தை முக்கால் குழந்தையா? இதயத்தில் ஓட்டையோடு பிறந்த குழந்தை அரைக் குழந்தையா? குறை மாதத்தில் பிறந்து, பஞ்சில் வைத்து வளர்த்த பெண் குழந்தை யாருடைய கணக்கிலும் சேராதவளா? பெற்றவளைக் கேட்டுப் பாருங்கள், அந்தக் குழந்தைதான் அந்த வீட்டின் உயிர் என்பாள்.

அந்தச் சமாதானமும் உண்மையில் செல்லாது. ஒமிக்ரான் அலை அடித்தபோது, அமெரிக்காவில் 14 மாநிலங்களில் ஆஸ்பத்திரியில் சேர்ந்த குழந்தைகளைத் தரம் பிரித்துப் பார்த்தார்கள். ஐந்து வயது முதல் பதினொன்று வரையுள்ளவர்களில் நூற்றுக்கு முப்பது பேருக்கு முன்னால் எந்த வியாதியும் கிடையாது. ஐந்து வயதுக்குக் கீழே போனால் அது நூற்றுக்கு அறுபத்து மூன்று! அந்தச் சிறுசுகளில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேர் ஆறு மாதம்கூட நிரம்பாதவர்கள். தாய்ப்பால் குடிக்கிற சிசுவுக்கு 'ஏற்கனவே' என்று ஒரு காலம் ஏது? அந்தச் சிசுவுக்கு மூச்சு முட்டுகிறது என்று சொல்லவும் தெரியாது. மூக்குத் துவாரம் விரிகிறதா, விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா, பாலை உதறுகிறதா என்று பெரியவர்கள்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். பார்க்க வேண்டியவர்களிடம் "பார்க்க வேண்டாம், ஒன்றும் செய்யாது" என்று சொல்லிவைத்திருந்தோம்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களின் கணக்கில், கை ஒடிந்து சேர்ந்த பையனுக்குச் சோதனையில் கொரோனா தெரிந்து, அவனும் கொரோனா நோயாளியாக எழுதப்பட்டது உண்டு. அப்படிப்பட்டவர்களைக் கழித்துத்தான் எண்ண வேண்டும். கழியுங்கள். ஆனால் கழித்த பிறகு மிஞ்சுகிறவர்களின் கட்டிலருகே வந்து நில்லுங்கள். கழித்தல் மாத்திரம் தெரிந்து, கட்டில் எங்கே இருக்கிறதென்று தெரியாதவர்களோடுதான் எனக்கு வழக்கு.

ஒரு தொடர்கதையில் நான் ஒரு குழந்தைக்கு விஷ ஜுரம் வரவழைத்தேன். அந்த வாரம் தொடங்கி எனக்கு வந்த கடிதங்களுக்கு அளவில்லை. "அந்தக் குழந்தையைக் கொன்றுவிடாதீர்கள்" என்று மன்றாடினார்கள். சிலர் மிரட்டவும் செய்தார்கள். என் வாசகர்களின் நெஞ்சு ஈரமானது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். காகிதத்தில் பிறந்த ஒரு குழந்தைக்காக மன்றாடிய அதே நெஞ்சு, நிஜக் குழந்தைகள் சதவிகிதமாக எழுதப்பட்டவுடன் பக்கத்தைப் புரட்டிவிட்டது. பெயரும், பாவாடையும், பின்னலும் இருந்தால் குழந்தை. புள்ளியும் தசமமும் போட்டால் செய்தி. இதற்குப் பரிகாரம் எழுத்தாளனின் கையில் மாத்திரம் இல்லை. படிக்கிறவர்களின் கையிலும் இருக்கிறது.

இனி, வேடிக்கையின் மறு பாதி. 2021 மே மாதத்தில் மந்திரம் தலைகீழாயிற்று. "மூன்றாவது அலை குழந்தைகளைத்தான் தாக்கும்!" என்று ஒரு புரளி கிளம்பிற்று. இந்தியக் குழந்தை மருத்துவர்களின் சங்கம், மூன்றாவது அலை குழந்தைகளை மாத்திரம் தேடித் தாக்கும் என்பதற்கு ஆதாரமில்லை என்று அப்போதே அறிக்கை விட்டது. யார் கேட்டார்கள்? ஓராண்டுக் காலம் குழந்தைகள் வார்டை எட்டிப் பாராதவர்கள், ஒரே வாரத்தில் கிலி பிடித்து ஓடினார்கள். கிலிக்கு ஒரு நல்ல பலனும் இருந்தது. அந்த ஆண்டு ஜூலை 8-ம் தேதி மத்திய மந்திரி சபை 23,123 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது. நாட்டிலுள்ள 736 ஜில்லாக்களிலும் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு. இருபதாயிரம் தீவிர சிகிச்சைக் கட்டில்கள், அவற்றில் ஐந்தில் ஒரு பங்கு குழந்தைகளுக்கு. நல்ல காரியம், வரவேற்கிறேன். ஆனால் இந்தக் கட்டில்கள் கேட்டது பயம். பயம் தெளிந்த பிறகு அவற்றைக் காப்பது யார்?

கட்டில் மாத்திரம் போதுமா என்பது அடுத்த கேள்வி. பெரியவர்களின் விரலில் மாட்டுகிற பிராணவாயுக் கருவி கைக்குழந்தையின் விரலில் நிற்காது; அதற்கென்று கால் விரலில் சுற்றுகிற பட்டை வேண்டும். பெரியவர்களின் ஊசி அந்த நூலிழை நரம்பில் இறங்காது. மருந்தைக் குழந்தையின் எடைக்குத் தக்கபடி கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். இவையெல்லாம் தெரிந்த நர்ஸ், நள்ளிரவு இரண்டு மணிக்கு விழித்திருக்க வேண்டும். கட்டிலை ஒரு மாதத்தில் வாங்கிவிடலாம். அந்த நர்ஸை வருஷக் கணக்கில் பழக்கித்தான் உண்டாக்க முடியும்.

பணக்கார அமெரிக்காவின் கதையைப் பாருங்கள். 2008-லிருந்து 2018-க்குள் அங்கே குழந்தைகளுக்கான உள்நோயாளிப் பிரிவுகளில் நூற்றுக்குப் பத்தொன்பது மூடப்பட்டன. குழந்தைகள் கட்டிலில் வருமானம் குறைவு, அதே இடத்தில் பெரியவர்களைக் கிடத்தினால் லாபம் என்பது முக்கியமான காரணம். 2022-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் கொரோனாவோடு வேறு இரண்டு சுவாச நோய்களும் சேர்ந்து குழந்தைகளைப் பிடித்தன. ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்தன. குழந்தை டாக்டர்களும் குழந்தைகள் ஆஸ்பத்திரிகளும் ஒன்றாகச் சேர்ந்து, அவசர நிலை அறிவியுங்கள் என்று சர்க்காரிடம் கேட்க வேண்டி வந்தது. லாபக் கணக்கு எழுதுகிற பேனா குழந்தையின் மூச்சை எங்கே கொண்டு நிறுத்தும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

தாயாரைப் பற்றிச் சொல்லாமல் குழந்தைகள் வார்டைப் பற்றிச் சொல்லி முடிக்க முடியாது. ஆஸ்பத்திரியில் தாயைப் பிரிந்த குழந்தை படுகிற பாட்டை, பிரிட்டனில் ஜேம்ஸ் ராபர்ட்ஸன் என்பவர் 1952-லேயே சினிமாப் படமாக எடுத்துக் காட்டினார். 1959-ல் பிளாட் கமிட்டி, குழந்தைகளைப் பெற்றோர் தடையின்றிப் பார்க்க வேண்டும், தாயாரும் கூடவே தங்க ஏற்பாடு வேண்டும் என்று சொல்லிற்று. நம் கிராமத்துக் கிழவி கமிட்டி போடாமலே சொல்லியிருப்பாள். அப்படியிருக்க, 2022 ஏப்ரலில் ஷாங்காய் நகரத்தில் கொரோனா கண்ட குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனியே வைத்தார்கள். ஊர் கூக்குரலிட்ட பிறகே விதியைத் தளர்த்தினார்கள். தொற்று நோய் ஆபத்தானது என்பது எனக்கும் தெரியும். தாயாருக்கு முகக்கவசம் கொடுங்கள், அங்கி கொடுங்கள், கட்டிலருகே ஒரு நாற்காலி கொடுங்கள். கவச உடை தரித்த, முகம் தெரியாத உருவங்களுக்கு நடுவில் இரண்டு வயதுக் குழந்தையைத் தனியே விடுவதை வைத்தியம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

"இப்படியெல்லாம் எழுதி ஜனங்களைப் பயமுறுத்தலாமா? இந்தப் பயத்தினால்தானே பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள்?" என்று ஒரு கேள்வி வரும். நல்ல கேள்வி. நம் மாநிலத்தில் மதுக்கடைகள் 2020 மே மாதத்திலேயே திறந்துவிட்டன. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வகுப்பில் போய் உட்கார்ந்தது 2021 நவம்பர் முதல் தேதி. குழந்தையின் உயிரில் அவ்வளவு அக்கறை கொண்டவர்கள்தான் பூட்டினார்களா? அந்த அக்கறை இருந்திருந்தால் ஜன்னலை அகலப்படுத்தியிருப்பார்கள், வகுப்பைப் பிரித்திருப்பார்கள், மரத்தடியில் பாடம் நடத்தியிருப்பார்கள். நோயென்று வந்தபோது "ஒன்றும் செய்யாது" என்று கடைசி வரிசை. திறப்பதென்று வந்தபோதும் கடைசி வரிசை. ஓட்டும் இல்லை, வரியும் இல்லை, கோஷம் போடக் குரலும் இல்லை என்றால் வரிசையில் வேறு எந்த இடம் கிடைக்கும்?

கொரோனாக் கதை முடிந்துவிட்டதே, இப்போது எதற்கு இது என்கிறீர்களா? அடுத்ததற்காகத்தான். கொள்ளைநோய்கள் எல்லாம் கிழவர்களைத் தேடி வருவதில்லை. 1957-ல் உலகைச் சுற்றிய இன்புளூயன்ஸா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைத்தான் அதிகமாகப் பிடித்தது. 2009-ல் வந்த பன்றிக் காய்ச்சலில், அமெரிக்காவில் மாத்திரம் ஓராண்டில் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 87,000 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததாகவும், சுமார் 1,280 பேர் இறந்ததாகவும் மதிப்பிட்டார்கள். நம் நாட்டில் அந்த நோய்க்கு முதல் பலி, புனே நகரத்தில் ஒரு பள்ளி மாணவி. வரப்போகும் நோய் எந்த வயதைத் தேடும் என்று எந்த ஜோசியரும் சொல்ல முடியாது. "குழந்தைகளை ஒன்றும் செய்யாது" என்ற மந்திரத்தை அந்த நோய்க்கும் பத்திரப்படுத்தி வைத்தோமானால், அதற்குரிய கூலியைக் குழந்தைகள் கொடுப்பார்கள்.

ஆகையால், வாசக நேயர்களே, உங்கள் ஊர்ப் பெரியாஸ்பத்திரிக்கு ஒரு தடவை போய் வாருங்கள். நோயாளி யாரும் இல்லாவிட்டாலும் போங்கள். குழந்தைகள் பிரிவு எங்கே இருக்கிறது, இரவில் எத்தனை நர்ஸ்கள், பிராணவாயுக் குழாய் வேலை செய்கிறதா, தாயார் உட்கார நாற்காலி உண்டா என்று விசாரியுங்கள். விடை சரியில்லை என்றால் உங்கள் எம்.எல்.ஏ.வுக்கு எழுதுங்கள். கதைக் குழந்தைக்காக எனக்கு எழுதினீர்களே, அதே சூட்டோடு எழுதுங்கள். "ஒன்றும் செய்யாது" என்று யாராவது மறுபடி சொல்ல வந்தால், "எத்தனை குழந்தைகளை ஐயா, எத்தனை குழந்தைகளை?" என்று கேளுங்கள். அந்த எண்ணைச் சொல்லாமல் அவரைப் போக விடாதீர்கள்.